பழைய காருக்குப் புது ஒலி: ஒரு துளைகூடப் போடாமல்

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1960-களின் நடுப்பகுதியைச் சேர்ந்த கார். 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் பாடியோடு இணைந்தது), சார்ஜ் ஏற்ற டைனமோ. டேஷ்போர்டில் ஒரு ஏஎம் ரேடியோ, அதற்கு ஒரே ஒரு நீள்வட்ட ஸ்பீக்கர். இதில் புளூடூத், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்கள் சேர்ப்பதுதான் வேலை. நிபந்தனை ஒன்றுதான்: சேர்த்த அத்தனையையும் ஒரே மதியத்தில் கழற்ற முடிய வேண்டும், கழற்றிய பிறகு அது இருந்த தடயமே தெரியக் கூடாது. புதுத் துளை கிடையாது. ஒரிஜினல் வயர் எதையும் வெட்டுவது கிடையாது. பெயின்ட் மேல் பசை கிடையாது. பழைய ரேடியோ பார்வைக்கு மட்டும் உட்கார்ந்திருக்காமல் பாடவும் வேண்டும்.

காரில் கூடுதலாக ஒரு ஒலிச் சாதனத்தைத் தொங்கவிடும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1956-இலேயே கிறைஸ்லர் தன் கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில் இசைத்தட்டு பிளேயர் பொருத்திப் பார்த்தது. பிற்காலத்தில் கேசட், சிடி என்று ஒவ்வொரு தலைமுறையும் டேஷ்போர்டை அறுத்து வைத்த ஓட்டைகளைத்தான் இன்று ரெஸ்டோர் செய்பவர்கள் வெல்டு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மல்டிமீட்டர்

எந்தப் பொருளும் வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். எந்த முனை பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 1960-களின் பிற்பகுதிவரை பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போனது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967-இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், மாற்றியதை எழுதி வைக்காமலும் போயிருக்கலாம். பேட்டரியில் மூன்று மூடி இருந்தால் 6 வோல்ட், ஆறு இருந்தால் 12. சில கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். அதுவும் 12 வோல்ட்தான்.

அடுத்தது ஆம்பியர் கணக்கு. லூகாஸ் சி40 வகை டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. சிவப்பு விளக்கு மினுங்குவது அதனால்தான். இரவு மழையில் ஓட்டும்போது ஹெட்லைட்டும் சிறு விளக்குகளும் சேர்ந்து 9 முதல் 10 ஆம்பியர், இக்னிஷன் 3 முதல் 4, வைப்பர் 3, ஹீட்டர் ஃபேன் 4. கூட்டிப் பார்த்தால் ஒலிக்கு மிஞ்சுவது 2 ஆம்பியர் சுற்றுவட்டாரம். இந்த வேலையில் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது காது அல்ல, இந்த 2 ஆம்பியர்தான்.

அது போதுமா என்றால், போதும். உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சுற்று இல்லாத ஆம்ப், 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய சுத்தமான திறன் 18 வாட்டைத் தாண்டாது. 12-ஐ 12-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமை இரட்டித்து வரும் 8-ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பது உச்சக்கணக்கு. நான்கு சேனலுக்கு 72 வாட் என்றாலும், பாட்டு ஓடும்போது சராசரி அதில் எட்டில் ஒரு பங்குதான், அதாவது 9 வாட். டி வகுப்பு ஆம்ப் (வேகமாக ஸ்விட்ச் ஆகி, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) எடுத்தால் தன் இழப்பையும் சேர்த்து ஒன்றரை ஆம்பியரில் அடங்கும். பழைய பாணி ஏபி வகுப்பு ஆம்ப் இதே ஒலிக்கு இருமடங்குக்கும் மேல் இழுக்கும், பெரும்பகுதி வெப்பமாகப் போகும். டைனமோ காரில் அதற்கு இடமில்லை. ஆல்டர்னேட்டர் மாற்றிய காரில் இந்தக் கஷ்டம் கிடையாது. ஆனால் வெறும் பாட்டுக்காக டைனமோவைக் கழற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

ரேடியோவின் குடலை உருவ வேண்டாம்

பழைய ரேடியோவின் உள்பாகத்தை எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் எஃப்எம், புளூடூத் போர்டு வைத்துத் தருவது இன்று பரவலாக நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பழையபடி: அதே குமிழ், அதே முள். வேலை சுத்தமாகவே இருக்கும். ஆனால் உருவிய பாகங்கள் ஒரு பையில் போய், அந்தப் பை ஒரு நாள் காணாமல் போகும். ரேடியோ ஏற்கெனவே எரிந்து கிடந்தால் இது நல்ல வழி. உயிரோடு இருக்கும் ரேடியோவுக்கு இதைச் செய்ய வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் விதம் முக்கியம். வருஷக்கணக்கில் மின்சாரம் பார்க்காத ரேடியோவுக்கு நேரடியாக பேட்டரி கொடுக்க வேண்டாம். மின்னோட்ட வரம்பு வைத்த பெஞ்ச் சப்ளையில் போடுங்கள். வால்வு ரேடியோ என்றால் அதற்கும் முன்பு எலக்ட்ரோலிட்டிக், காகிதக் கண்டென்சர்களை மாற்றிவிட வேண்டும். வைப்ரேட்டர் (பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும் அதிரும் ஸ்விட்ச்) வைத்த வால்வு ரேடியோவில் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றில் 1600 வோல்ட் தரத்தில் ஒரு சிறிய பஃபர் கண்டென்சர் இருக்கும். அது கசியத் தொடங்கினால் வைப்ரேட்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மரும் போகும். மாற்று டிரான்ஸ்ஃபார்மர் தேடுவதைவிட ஒரு கண்டென்சர் மாற்றுவது சுலபம். உள்ளே 200 முதல் 250 வோல்ட் டிசி ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்விட்ச் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ரேடியோவை ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் வேறு ஒரு கண்ணி உண்டு. 1960-களின் அமெரிக்க டெல்கோ கார் ரேடியோக்கள் பலவும் 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. கையில் கிடைத்த 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் முதலில் சத்தம் நன்றாகத்தான் வரும்; பிறகு அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறி, அதன் ஃபியூஸ் ரெசிஸ்டர் அறுந்து, ரேடியோ ஊமையாகும். மல்டிமீட்டரில் ஸ்பீக்கரை அளந்தால் குறித்த ஓமைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும்: 4 ஓம் என்றால் 3.3 அளவில், 8 ஓம் என்றால் 6.5 அளவில்.

பேச்சும் பழைய பாட்டும் கேட்டால் போதும் என்பவருக்கு ஆம்ப்பே தேவையில்லை. ரேடியோவுக்குள் ஒரு ஆக்ஸ் இணைப்பு (வெளியிலிருந்து பாட்டைச் செலுத்தும் வழி) கொடுத்தாலே வேலை முடிந்தது. வால்யூம் கன்ட்ரோலில் மூன்று கால்கள் இருக்கும். ஒன்று எர்த்துக்குப் போகும், நடுக்கால் ஒலிப்பகுதிக்குப் போகும், மூன்றாவதுக்கு டிடெக்டரிலிருந்து (வானொலி அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) சிக்னல் வரும். அந்த மூன்றாவது காலின் வயரை மட்டும் ஈயம் உருக்கி எடுத்து, நடுவில் ஒரு சிறிய இருவழி ஸ்விட்சை வைக்க வேண்டும். ஒரு பக்கம் பழைய டிடெக்டர் வயர், மறுபக்கம் புளூடூத். புளூடூத்தின் இடது, வலது இரண்டையும் நேரடியாக முறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் 1 முதல் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதன் பிறகே சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்துக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே டிசியைத் தடுக்க ஒரு கண்டென்சர்: வால்வு செட்டுக்கு 250 வோல்ட் தாங்கும் 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் வகை, டிரான்சிஸ்டர் செட்டுக்கு 4.7 முதல் 10 மைக்ரோ ஃபாரட். ஷீல்டு வயரின் வலையை ரேடியோ முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் டைனமோ பாட்டோடு சேர்ந்து பாடும்.

இந்த வழியில் வரும் ஒலி மோனோ. உயர் சுருதியும் குறைவு. ஆனாலும் பழைய கிரில்லுக்குப் பின்னாலிருந்து, பழைய குமிழைத் திருப்பி, பழைய பாட்டு வரும்போது குறையாகத் தெரியாது.

பாசிட்டிவ் எர்த்: போன் சார்ஜர்கூட இங்கே வில்லன்

இன்றைய ஆம்ப், புளூடூத் ரிசீவர், யுஎஸ்பி சார்ஜர் எல்லாமே தன் நெகட்டிவ்தான் எர்த் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. ஆம்ப்பின் அலுமினியக் கூடு, ஒலி சிக்னல் நுழையும் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையம், யுஎஸ்பி பிளக்கின் உலோக உறை என்று தொட்ட இடமெல்லாம் நெகட்டிவ். பாசிட்டிவ் எர்த் காரில் பாடி முழுவதும் பாசிட்டிவ். வயரைச் சரியாக மாற்றிக் கொடுத்து ஆம்ப்பை ஓடவைத்துவிடலாம். ஆனால் அதன் கூடு ஒரு திருகின் வழியாகப் பாடியைத் தொட்ட கணமே பேட்டரி நேரடி ஷார்ட். ஆம்ப்புக்கு அடியில் ரப்பர் வைத்துத் தப்பித்தாலும், சார்ஜர் கேபிளின் முனை சீட் ரெயிலில் விழும் நாள் ஒன்று வரும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகினால் அதற்கு மின்சாரமே தலைகீழாகப் போகிறது. அப்போதே அதன் ஆயுள் முடியலாம்.

வழி இரண்டு. முதலாவது, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பேட்டரி கேபிள், காயில் வயர்கள், அம்மீட்டர் வயர்கள் எல்லாம் இடம் மாறும். டைனமோவைப் புது துருவத்துக்கு மறுபடி காந்தப்படுத்த வேண்டும். எலக்ட்ரானிக் டாக்கோமீட்டரையும் உள்ளே மாற்றினால்தான் ஓடும். ரேடியோவில் துருவம் மாற்றும் வசதி இல்லையென்றால் அதுவும் போச்சு. திரும்பப் பழையபடி ஆக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மதியத்தில் முடியாது.

இரண்டாவது வழியே இந்த வேலைக்கு ஏற்றது: ஐசோலேட்டட் டிசி–டிசி கன்வெர்ட்டர். உள்ளே வருவது 9 முதல் 18 வோல்ட், வெளியே வருவது நிலையான 12 வோல்ட், 10 ஆம்பியர். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதனால் வெளிப்பக்க நெகட்டிவை தைரியமாகக் காரின் பாடியில் கட்டலாம். கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நெகட்டிவ் எர்த் உலகம், இந்தப் பக்கம் பழைய காரின் உலகம். யுஎஸ்பி சார்ஜரையும் இதிலிருந்தே எடுத்தால் கேபிள் எங்கே விழுந்தாலும் பயமில்லை.

விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு நெகட்டிவும் உள்ளே ஒன்றுதான். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சோதித்துவிடுங்கள்: எதிலும் இணைக்காமல், உள்பக்க நெகட்டிவுக்கும் வெளிப்பக்க நெகட்டிவுக்கும் நடுவே ஓமை அளந்தால் முடிவிலி காட்ட வேண்டும். பீப் சத்தம் வந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. உலோகக் கூட்டுக்கும் உள்பக்க முனைகளுக்கும் நடுவேயும் இதே சோதனை.

6 வோல்ட் காருக்கும் தத்துவம் இதுவே; 6 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். ஆனால் அதே வாட்டுக்கு இருமடங்கு ஆம்பியர் போகும். அங்கே இரண்டு சேனலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வயர், ஃபியூஸ், ரிலே

நான்கு சேனல் முழுச் சத்தத்தில் 72 வாட், ஆம்ப்பின் இழப்பு சேர்த்து 85 வாட், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர். ஃபியூஸ் 10 ஆம்பியர். பேட்டரி முனையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. பாசிட்டிவ் எர்த் காரில் ஃபியூஸ் நெகட்டிவ் வயரில்தான் வர வேண்டும். பழக்கதோஷத்தில் சிவப்பு வயரில் வைத்தவர்களுக்குக் கறுப்பு வயர் உரசி எரிந்திருக்கிறது.

வயர் 4 சதுர மி.மீ. செம்பு. போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்றால் 8 ஆம்பியரில் இழப்பு 0.28 வோல்ட், 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.45 வோல்ட். திரும்பி வரும் வயரையும் பேட்டரிவரை கொண்டுபோய்விட வேண்டும். அறுபது வருஷத் தகட்டின் இணைப்புகளை நம்பி மின்சாரத்தை அனுப்பினால், துரு எங்கே இருக்கிறது என்பதை ஸ்பீக்கர் சொல்லும். இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரைச்சல் குறையும். ஒரிஜினல் வயரிங்கோடு கட்டாமல், கார்பெட்டுக்கு அடியில் துணிச் சுற்று போட்ட தனிக் கட்டாகப் போகட்டும். பழைய காரில் பளபளக்கும் பிளாஸ்டிக் குழாய் துருத்திக்கொண்டு தெரியும்.

பவரை ஒரு 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) திறக்கட்டும். ரிலேயின் காயிலுக்கு மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து வர வேண்டும். அந்த வயரை வெட்டவோ, தோலுரித்துக் கடிக்கும் கிளிப் போடவோ வேண்டாம். பிரிட்டிஷ் கார்களில் 4.7 மி.மீ. புல்லட் கனெக்டர்கள் இருக்கும். ஒற்றை ரப்பர் ஸ்லீவைக் கழற்றி இரட்டை ஸ்லீவ் போட்டால் இன்னொரு வயருக்கு இடம் கிடைத்துவிடும். ஃபியூஸ் பாக்ஸில் தட்டை முனை இருந்தால், மேலே செருகும் இரட்டை லக் போதும். ரிலே வாங்கும்போது ஒரு கவனம்: உள்ளேயே டையோடு வைத்த ரிலேக்கள் உண்டு. பாசிட்டிவ் எர்த்தில் ரிலே காயிலின் 85, 86 கால்களை வழக்கப்படி இணைத்தால் டையோடு ஷார்ட் ஆகிவிடும். ரெசிஸ்டர் வைத்ததையே கேளுங்கள்.

ஸ்விட்ச் ஒன்று, நடுவில் ஆஃப் நிலை உள்ள இருவழி வகை. மேலே தள்ளினால் பழைய ரேடியோவுக்கு மின்சாரம், கீழே தள்ளினால் ரிலேவுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி வைப்பதற்குக் காரணம் உண்டு: டி வகுப்பு ஆம்ப்பும் கன்வெர்ட்டரும் விநாடிக்குப் பல லட்சம் தடவை ஸ்விட்ச் ஆகின்றன, அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் ஏஎம் அலைவரிசையிலேயே விழுகின்றன. ஸ்விட்சை கிளவ் பாக்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் திருகில் ஒரு சிறிய தகட்டைத் தொங்கவிட்டு அதில் பொருத்தலாம்.

ஆம்ப், கன்வெர்ட்டர், ரிலே மூன்றும் ஒரே 9 மி.மீ. ப்ளைவுட் பலகையில் இருக்கட்டும். பலகை டிக்கியின் பக்கச்சுவரில், ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளில் நிற்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்கும் எர்த்துக்கும் பயன்படுத்தக் கூடாது. லக், வாஷர் என்று நடுவில் எதையாவது நுழைத்தால் அதன் இறுக்கமே மாறிவிடும். புளூடூத் ரிசீவரை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தகட்டைத் தாண்டாது. டேஷ்போர்டுக்கு அடியிலோ பின்சீட்டின் முதுகுக்குள்ளோ வைக்கலாம்.

ஸ்பீக்கர்: எங்கே ஒளிப்பது

அதிக நேரம் இதில்தான் போகும். டேஷ்போர்டில் இருக்கும் ஒரே இடத்துக்கு இரட்டை வாய்ஸ் காயில் ஸ்பீக்கர் கிடைக்கிறது: ஒரே கூம்பு, இரண்டு காயில், ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. ஸ்டீரியோ பிரிவு இருக்காது, ஆனால் இரண்டு சேனலின் இசையும் முழுதாக வரும். சாதாரண ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு ஆம்ப்பின் இடது, வலது அவுட்புட்டை ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆம்ப் அப்போதே போகும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றினால் அதன் வயரோடும் திருகுகளோடும் துணியில் சுற்றி வையுங்கள். பழைய ரேடியோவும் பாட வேண்டும் என்றால் அதை எடுக்காமலே விட்டு, புது ஸ்பீக்கர்களை வேறு இடங்களில் வைப்பதே மேல். டேஷ்போர்டு ஸ்பீக்கரின் ஒலி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் கூர்மையாகக் கேட்கும். ஆம்ப்பில் ஈக்வலைசர் இருந்தால் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபெல் இறக்குங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

முன் ஸ்பீக்கருக்குச் சிறந்த இடம் கதவுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவர். ஒரிஜினல் கிக் பேனலைக் கழற்றி அட்டையில் வரைந்து, அதே உருவத்தில் 6 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்டில் ஒரு நகல் வெட்டி, நகலில் மட்டும் 4 அல்லது 5¼ அங்குல ஸ்பீக்கருக்குத் துளை போடுங்கள். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், பழைய காரில் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தே தீரும், எம்டிஎஃப் ஊறி உப்பிவிடும். வெட்டும் முன் பேனலுக்குப் பின்னால் காற்று வரும் மூடியும் பானட் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். ஒரிஜினல் ரெக்சின் நிறத்தில் துணி சுற்றி, ஒலி ஊடுருவும் மெல்லிய துணியை ஸ்பீக்கர் மேல் இழுத்து ஒட்டினால், குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கதவில் வைப்பதானாலும் இதே விதிதான்: ஒரிஜினல் டோர் பேடை வெட்டாமல், 3 மி.மீ. பலகையில் நகல். கண்ணாடியை முழுதாகக் கீழே இறக்கி, ஆழத்தை அப்போது அளக்க வேண்டும். மேலே இருக்கும்போது அளந்து வாங்கிய ஸ்பீக்கரின் காந்தம், முதல் தடவை கண்ணாடி இறக்கும்போது 'டக்' என்று தடுக்கும். கதவுக்குள் மழைநீர் ஓடுவது இயல்பு. காகிதக் கூம்பு வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் எடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை வையுங்கள். ஒரிஜினல் பேடைத் தட்டையாகப் படுக்கவைத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் ஈரம் தங்கி, பலகை வளையும்.

பின்புறம், பார்சல் ஷெல்ஃப் இருக்கும் காரில் ஷெல்ஃபுக்கு அடியில் 6×9 அங்குல ஸ்பீக்கர் சுலபமாக ஒளியும். ஷெல்ஃப் தகட்டில் ஏற்கெனவே துளைகள் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் தகட்டை வெட்டாதீர்கள், சீட்டுக்கு அடியில் பெட்டி வையுங்கள். 6½ அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி 8 முதல் 12 லிட்டர் கேட்கும். சீட் ஸ்பிரிங் எவ்வளவு தாழ்கிறது என்பதை ஆள் உட்கார்ந்த நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

கார் ஆடியோ வேலையில் முதல் நாளே ஒட்டுவது தகட்டின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் தாள். இங்கே அது வேண்டாம். ஒட்டிய தாளைப் பிறகு பிய்த்தால் பெயின்டோடு வரும், வராவிட்டாலும் கறுப்புப் பிசின் நிற்கும். அடியில் ஆரம்பிக்கும் துருவையும் மறைத்துவிடும். அதற்குப் பதில், வெட்டி வைத்த கம்பளி ஃபெல்ட்டும் நீர் உறிஞ்சாத ஃபோமும் கார்பெட்டுக்கு அடியில் ஒட்டாமல் கிடக்கட்டும். பலன் பியூட்டைல் அளவுக்கு இருக்காது. எடுத்தால் மிச்சம் இருக்காது என்பதுதான் அதற்கு ஈடு.

துருவம் குறிக்காத பழைய ஸ்பீக்கருக்கு ஒரு 1.5 வோல்ட் செல் போதும்: ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வருகிறதா பாருங்கள். அப்படி வந்தால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட கால்தான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். ஒன்று தலைகீழாக இருந்தாலும் பாஸ் காணாமல் போகும், ஆம்ப்பைக் குறை சொல்லத் தோன்றும்.

இரைச்சல்

எஞ்சின் ஓடாதபோது சுத்தமாகப் பாடுவது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கெடும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஃபில்டர் வாங்கிக் குவிக்க வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம் ஏற்றி, சாவியை அணையுங்கள். ஆம்ப்பும் சாவியோடு அணைந்துவிடும் என்பதால், இந்தச் சோதனைக்கு மட்டும் ரிலே காயிலுக்குப் பேட்டரியிலிருந்து தற்காலிக வயர் கொடுக்க வேண்டும். சாவி அணைந்த கணமே நின்ற 'டிக்-டிக்' இக்னிஷன். எஞ்சின் வேகம் குறையக் குறையச் சுருதி இறங்கிக்கொண்டே போகும் ஊளை டைனமோ. ஒழுங்கில்லாமல் கரகரப்பது ரெகுலேட்டர் பாயின்ட்டுகள். எஞ்சினோடு சம்பந்தமே இல்லாமல் டக்டக் என்றால் எலக்ட்ரிக் ஃபியூவல் பம்ப்.

இக்னிஷனுக்கு, 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பிளக்குக்கும் இதற்கும் எண்ணில் ஒரு 'ஆர்' எழுத்துதான் வித்தியாசம். காயிலுக்கு 1 மைக்ரோ ஃபாரட் சப்ரஷன் கண்டென்சர், அதுவும் சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனையில் மட்டும். லூகாஸ் காயிலில் அதன் பெயர் எஸ்டபிள்யூ. பாயின்ட் பக்கமான சிபி முனையில் போட்டால், டிஸ்ட்ரிபியூட்டரின் 0.2 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரோடு சேர்ந்து தீப்பொறியை அமுக்கிவிடும். எஞ்சின் மிஸ் ஆகும், ஆளும் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பிப்பார்.

டைனமோவில் இன்னொரு 1 மைக்ரோ ஃபாரட், தடித்த வயர் வரும் டி முனையில். மெல்லிய வயரின் எஃப் முனை ஃபீல்டு; அங்கே கண்டென்சர் வைத்தால் ரெகுலேட்டரின் முனைகள் கருகும். கண்டென்சரின் உலோக உறை டைனமோ பாடியிலேயே, பெயின்ட் இல்லாத இடத்தில் இறுக வேண்டும். பானட் தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் எர்த் பட்டை போட்டால் ஏஎம் ரேடியோவுக்கு எதிர்பாராத அளவு உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊளை இருந்தால், ஆம்ப்பின் ஆர்சிஏ சாக்கெட்டில் உள்பக்கமும் வளையமும் ஷார்ட் செய்த பிளக் செருகிப் பாருங்கள். ஊளை நின்றால் குற்றவாளி எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த்துக்குப் போகும் இணைப்பு. புளூடூத் ரிசீவரும் ஆம்ப்பும் ஒரே பவரில் ஓடும்போது மெல்லிய கீச்சொலி வருவது சகஜம். ரிசீவருக்குத் தனியாக 1 வாட் ஐசோலேட்டட் 5 வோல்ட் கன்வெர்ட்டர் கொடுத்தால் தீரும். ஆடியோ டிரான்ஸ்ஃபார்மராலும் தீரும், ஆனால் மலிவானவை பாஸைத் தின்றுவிடும்.

ஆன்டெனா

ஒரிஜினல் கேபிளை மாற்றாதீர்கள். கார் ஆன்டெனா கேபிளின் உள்வயர் பெரும்பாலும் காற்று சூழ்ந்தது, கொள்திறன் மிகக் குறைவு. அதற்குப் பதில் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் அளவு சேர்க்கும்; ஏஎம் சிக்னல் அதிலேயே கரைந்துவிடும். கேபிளைத் தொட்டு வேலை செய்திருந்தால், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மங்கலான நிலையத்தைப் பிடித்து, ஆன்டெனா சாக்கெட்டுக்கு அருகில் இருக்கும் டிரிம்மர் என்ற சரிசெய்யும் திருகைச் சத்தம் உச்சம் தொடும்வரை மெதுவாகத் திருப்புங்கள்.

கசிவும் ஒத்திகையும்

பழைய கார் வாரக்கணக்கில் நிற்கும். அணைத்த நிலையில் 20 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி, 60 நாளில் 29. 45 ஆம்பியர்-மணி பேட்டரி அதற்குள் ஸ்டார்ட்டரைச் சுற்ற மறுக்கும். ரிலே கன்வெர்ட்டருக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை வைத்து அளந்தால், புது அமைப்பால் கூடியது சுழியமாக இருக்க வேண்டும்.

மூடும் முன் ஒரு ஒத்திகை: பலகை, கேபிள் கட்டு, நகல் பேனல்கள், ஸ்விட்ச் தகடு எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினல் பாகங்களை மாட்டிப் பாருங்கள். எங்காவது கை நுழையவில்லை, ஒரு திருகு மிஞ்சுகிறது, ஒரு கனெக்டர் எந்தப் பக்கம் என்று குழம்புகிறது என்றால் இப்போதே தெரிந்துவிடும். அந்த இடங்களுக்கு லேபிள் போட்டு, வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து, ஃபியூஸ் அளவும் ரிலேயின் கால் எண்களும் குறித்து, ஒரிஜினல் பாகங்கள் இருக்கும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு பலகையின் போல்ட்டுகளையும் எர்த் லக்கையும் ஒரு தடவை இறுக்க வேண்டும். ப்ளைவுட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.